கொடைக்கானல் ஏறும் மின்காரில் சூடு எங்கிருந்து வருகிறது?

மதுரையில் ஓடும் எந்தக் காரிலும் ஏசி திருகைப் பாருங்கள். நீலக் கோட்டின் கடைசியில் நிற்கும். சிவப்புப் பக்கம் ஒன்று இருப்பதே பலருக்கு நினைவில் இருக்காது. மார்கழி விடியலில்கூட இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஒரு சால்வை போர்த்தினால் சரியாகிவிடும். ஆனால் இதே ஊரிலிருந்து மூன்று, மூன்றரை மணி நேரம் ஓட்டினால் கொடைக்கானல். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே 8 டிகிரி சாதாரணம். சில விடியல்களில் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அந்தச் சிவப்புப் பக்கத்துக்கு வேலை வருவது அன்றைக்குத்தான்.

பெட்ரோல் காரில் அதைத் திருப்பினால் தனிச் செலவு எதுவும் இல்லை. மின்காரில் உண்டு. இது தெரியாமல்தான் போன டிசம்பருக்கு முந்தின டிசம்பரில் குடும்பத்தோடு கிளம்பினேன். மலைப்பாதையில் ஊத்து என்ற ஊரைத் தாண்டும்போது பிள்ளைகள் நடுங்க, ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டேன். பெருமாள்மலை வருவதற்குள் திரையில் மிச்ச கிலோமீட்டர் இறங்கிய வேகத்தைப் பார்த்து அணைத்துவிட்டேன். பிள்ளைகளைக் குளிரில் உட்கார வைத்து ஏறிய அந்தக் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இன்னும் மனதில் உறுத்துகிறது. இறங்கி வந்த பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன், கணக்குப் போட்டேன்.

முதலில் பெட்ரோல் கார். எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மற்றதெல்லாம் சூடாகி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வீணாகிறது. ஹீட்டர் என்பது வேறொன்றுமில்லை: எஞ்சினைச் சுற்றி வந்த சூடான கூலன்ட்டை டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர் ஒன்றின் வழியே ஓடவிட்டு, அதன்மேல் காற்றை ஊதுவது. எப்படியும் வெளியே போகவிருந்த சூடு, போகிற வழியில் நம் காலை இதமாக்கிவிட்டுப் போகிறது.

மின்மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை. வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கை இயக்கமாக மாற்றிவிடும். அதன் பெருமையே அதுதான், குளிர்காலத்தில் அதன் தொல்லையும் அதுதான். வீணாகும் சூடு இல்லாததால், உள்ளே இருப்பவர்களுக்கு வேண்டிய சூட்டைப் பேட்டரியிலிருந்து தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. இதற்குப் பயந்துதான் 2011இல் வந்த வோல்வோ சி30 எலக்ட்ரிக் காரில், உள்ளே சூடாக்க மட்டும் எத்தனாலை எரிக்கும் ஒரு ஹீட்டரைத் தனியாகப் பொருத்தியிருந்தார்கள்.

இனி கணக்கு. கிலோவாட் மணியை நம் இபி பில்லில் வரும் யூனிட் என்றே சொல்கிறேன், அதுதான் நமக்குப் பழக்கம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 40 லிட்டர் டேங்க் நிரப்பிய கார் 350 யூனிட்டுக்கு மேல் சுமந்துகொண்டு போகிறது. 2020இல் வந்த முதல் நெக்ஸான் மின்காரின் பேட்டரி 30.2 யூனிட். அதாவது மூன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். அந்த மூன்றரை லிட்டரை வைத்துக்கொண்டு அது இவ்வளவு தூரம் ஓடுவதே மோட்டாரின் திறமை. ஆனால் கையிருப்பு சின்னது. அதிலிருந்து எதை எடுத்தாலும் உடனே தெரியும்.

மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள காரை 2,000 மீட்டர் தூக்க, பள்ளிக்கூட இயற்பியல்படியே 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். இது வெறுமனே தூக்குவதற்கு. வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாக 120 கிலோமீட்டர் உருண்டு போவதற்கு 12 முதல் 15 யூனிட் தனி. ஆக, 30 யூனிட் பேட்டரியில் ஏறி முடிக்கும்போது மிஞ்சுவது ஐந்தாறு முதல் எட்டொன்பது யூனிட்தான். காட்ரோட்டில் தொடங்கும் மலைப்பாதை கூட்டமில்லாத நாளில்கூட இரண்டு மணி நேரம் எடுக்கும். ஹீட்டர் மணிக்கு ஒன்றரை யூனிட் எடுத்தால் அந்த மிச்சத்திலிருந்து மூன்று போய்விடுகிறது. விடுமுறை நாளில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வண்டிகள் வரிசையில் நின்றால் இன்னும் கூடும். பெட்ரோல் காரில் யாரும் போடத் தேவையில்லாத கணக்கு இது. இப்போது வரும் 45 யூனிட் பேட்டரி கார்களில் இந்த நெருக்கடி வெகுவாகக் குறைந்துவிட்டது. பழைய வண்டியும் சின்னப் பேட்டரி வண்டியும் வைத்திருப்பவர்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

குளிரால் பேட்டரியே பலவீனமாகிவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019இல் ஐந்து மின்கார்களைக் குளிரறையில் வைத்துச் சோதித்தது. சுழியத்துக்குக் கீழே 7 டிகிரியில் ஹீட்டர் இல்லாமல் ஓட்டியபோது, போகும் தூரம் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. ஹீட்டர் போட்டதும் 41 சதவீதம் குறைந்தது. நடுவில் உள்ள அத்தனையும் மனிதர்களைச் சூடாக்கப் போன மின்சாரம். நம் மலையில் அந்த அளவு குளிர் கிடையாது என்பதால் நம் இழப்பும் அவ்வளவு வராது. ஆனால் பெரிய பங்கைத் தின்பது எது என்று அந்தச் சோதனை தெளிவாகக் காட்டிவிட்டது.

அந்தச் சூட்டைச் செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. மலிவானது பிடிசி ஹீட்டர். வாளித் தண்ணீரில் போடுகிறோமே ஹீட்டர் கம்பி, கிட்டத்தட்ட அதே வேலை. ஆனால் கம்பிக்குப் பதில் பேரியம் டைட்டனேட் கலந்த பீங்கான் வில்லைகள். சூடு ஏற ஏற இந்த வில்லையின் மின்தடையும் ஏறிவிடும். அதனால் ஒரு அளவுக்கு மேல் அது தானாகவே மின்சாரம் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. பத்திரமான ஏற்பாடு. ஆனால் ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் சூடுதான் வரும். காரைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில் மூன்று, நான்கு கிலோவாட்டுக்கு மேல்கூட இழுக்கும். அது இரண்டு, மூன்று ஹீட்டர் கம்பிகளை ஒரே சமயத்தில் போடுவதற்குச் சமம்.

இன்னொன்று ஹீட் பம்ப். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையோ பக்கவாட்டையோ தொட்டுப் பார்த்தால் சுடும். உள்ளே காய்கறியிலிருந்து உறிஞ்சிய சூட்டைத்தான் அது வெளியே தள்ளுகிறது. கார் ஏசியும் அதையே செய்கிறது: உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே விடுகிறது. அதைத் திருப்பிப் போட்டால் ஹீட் பம்ப். வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளே கொண்டு வரும். 8 டிகிரிக் காற்றில் சூடு ஏது என்று கேட்கலாம். நமக்குக் குளிர்கிறதே தவிர அதற்குள்ளும் வெப்பம் இருக்கத்தான் செய்கிறது. அதைவிடக் குளிர்ந்த திரவத்தை அதன் அருகே ஓடவிட்டால் வெப்பம் அதற்குள் இறங்கிவிடும். இங்கே மின்சாரம் சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்ற மட்டும் செலவாகிறது. அதனால் ஒரு யூனிட் கொடுத்தால் இரண்டு, மூன்று யூனிட் சூடு கிடைக்கும். நிஸான் லீஃப், ரெனோ ஸோயி போன்ற கார்களில் பத்தாண்டுகளுக்கு முன்பே இது வந்துவிட்டது. டெஸ்லா 2020இல் மாடல் ஒய் காரில் கொண்டுவந்தது. கடுங்குளிர் நாடுகளில் வெளியே உறைந்து கிடக்கும்போது ஹீட் பம்ப் திணறும். ஆனால் நம் 8 டிகிரி, 10 டிகிரி அதற்கு மிகவும் வசதியான குளிர். கொடைக்கானலுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போன்ற கருவி, இங்கே நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் மின்கார்களில் பெரும்பாலும் இல்லை. இந்தியா வெயில் நாடு, இங்கே எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

அதே நினைப்பில் விட்டுப்போகும் இன்னொன்று இருக்கை சூடாக்கி. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரையில் யாரிடமாவது சொன்னால், வெளிநாட்டுக்காரன் சொகுசு, சித்திரை வெயிலில் சீட்டே சுடுகிறது என்பார்கள். சொகுசு என்ற வார்த்தையே இங்கே பொருந்தாது. இருக்கை உறைக்குக் கீழே மெல்லிய சூடாக்கும் கம்பிகள். ஓர் இருக்கைக்கு 50 முதல் 75 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. இரண்டு மணி நேரம் இரண்டு இருக்கைகளுக்கு ஓடினாலும் கால் யூனிட்தான். பிடிசி ஹீட்டர் அதே நேரத்தில் எடுப்பது மூன்று யூனிட். பன்னிரண்டு மடங்கு.

ஏன் இவ்வளவு வேறுபாடு? காருக்குள் இருக்கும் காற்றின் எடை மூன்று, நான்கு கிலோதான். அதை மட்டும் சூடாக்க மிகக் கொஞ்சம் ஆற்றல் போதும். ஆனால் சூடான காற்று சும்மா இருப்பதில்லை. எட்டுப் பக்கமும் இருக்கும் குளிர்ந்த கண்ணாடிக்கும் தகட்டுக்கும் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மூச்சுக்காற்றுக்காக வெளிக்காற்றையும் உள்ளே எடுத்தாக வேண்டும். வரும் காற்றெல்லாம் 10 டிகிரியில் வரும், போகும் காற்றெல்லாம் 22 டிகிரியில் போகும். ஆகவே ஹீட்டர் ஓடுகிற நேரமெல்லாம் பெருமாள்மலைக் காட்டைத்தான் சூடாக்கிக்கொண்டு போகிறோம். இருக்கைக்கோ முதுகும் தொடையும் நேராக ஒட்டியிருக்கின்றன. சூடு உடம்புக்குள் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. முதுகு வெதுவெதுப்பாக இருந்தால் சுற்றியுள்ள காற்று 17, 18 டிகிரி இருந்தாலும் குளிர் அவ்வளவாகத் தெரியாது. ஸ்டீயரிங் வளையத்தைச் சூடாக்குவதும் இதே தத்துவம்தான். வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூங்கும் நம் ஆச்சிகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

போன டிசம்பரில் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சூடு விரிப்பு இரண்டு வாங்கினேன். மதுரையில் நான் ஏறி இறங்கிய கார் சாமான் கடைகளில் கிடைக்கவில்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன். முன்னிருக்கைக்கு ஒன்று, பின்னால் பிள்ளைகளுக்கு ஒன்று, கூடவே ஒரு கம்பளி. அதே வண்டி, அதே பாதை. ஏரிக்கரை போய்ச் சேர்ந்தபோது முந்தின வருஷம் 9 சதவீதம் காட்டிய பேட்டரி 17 காட்டியது. பிள்ளைகள் தூங்கிவிட்டிருந்தார்கள். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது: சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள், நீண்ட நேரம் அசையாமல் இருப்பவர்கள், இதைக் குறைந்த சூட்டில்தான் வைக்க வேண்டும். மெதுவான சூடு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துபோகும், அவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் ஒரு இடத்தில் ஹீட்டரில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. முன்கண்ணாடி. நான்கைந்து பேர் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுப் பனித்துளியாகப் படியும். மேகமூட்டமும் சேர்ந்தால் எதிரே வரும் பஸ்ஸின் விளக்குகூடக் கலங்கலாகத்தான் தெரியும். துணியால் துடைத்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவில் திரும்புவதைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்கும். இதற்குச் சூடு மட்டும் போதாது, காற்று காயவும் வேண்டும். அதனால் டீஃபாக் பொத்தானை அழுத்தினால் ஏசியும் ஹீட்டரும் சேர்ந்தே ஓடும்: ஏசி ஈரத்தைப் பிழியும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கிக் கண்ணாடியில் ஊதும். குளிரில் ஏசி எதற்கு என்று அதை அணைக்காதீர்கள். உள்காற்றையே சுழற்றும் பொத்தானைத்தான் அணைக்க வேண்டும். அது ஈரத்தை வெளியேற விடாது. மின்சாரம் போகட்டும். வழி தெரிவதுதான் முக்கியம்.

மேலே போய் ஓர் இரவு தங்கினால் அடுத்த விஷயம் பேட்டரியின் குளிர். லித்தியம் பேட்டரிக்குள் அயனிகள் திரவத்தின் வழியே நகர்ந்துதான் மின்சாரம் வருகிறது. குளிரில் அந்த நடை தளர்ந்துவிடும். சுழியத்துக்குக் கீழே போன பேட்டரிக்கு அவசரமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே நுழைய முடியாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அது நிரந்தரச் சேதம். அதனால் வண்டியின் கட்டுப்பாட்டு அமைப்பே சார்ஜ் வேகத்தைக் குறைத்துவிடும். 2024 ஜனவரியில் சிகாகோவில் கடுங்குளிரில் சார்ஜர்களில் மின்கார்கள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். அதே 2024இல் குளிர் நாடான நார்வேயில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 88.9 மின்கார்கள். அவர்கள் செருகியில் இருக்கும்போதே செல்போனிலிருந்து பேட்டரியையும் உள்ளறையையும் சூடாக்கிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அந்தச் சூட்டுக்கான மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது, பேட்டரி நிறைந்தபடியே இருக்கிறது. கொடைக்கானல் தங்கும் விடுதியில் வண்டியைச் செருகி வைத்திருந்தால், கிளம்பப் பத்து நிமிடம் முன்பு ஆப்பில் ஹீட்டரைப் போடுவது நமக்கும் முடியும்.

விடுதியில் இரவெல்லாம் செருகி 100 சதவீதம் ஆக்கிவிடுவதில்தான் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்தும். அந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். பேட்டரி நிறைந்திருந்தால் அது போக இடமில்லை, பிடிப்பும் இருக்காது. விடியற்காலையில் பேட்டரி குளிர்ந்து கிடந்தால் பிடிப்பு இன்னும் குறையும். அப்போது 50 கிலோமீட்டர் இறக்கம் முழுக்கச் சாதாரண பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும், அது காய்ந்து நாற்றம் அடிக்கும். வரம்பை 80, 85 சதவீதத்தில் வைத்தால் போதும். காட்ரோடு வரும்போது நான்கு யூனிட் அளவுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

மதுரைக்கு இறங்கிய பிறகு இதெல்லாம் வீண் அறிவு என்று நினைக்க வேண்டாம். அதே ஏஏஏ சோதனையில் 35 டிகிரி வெயிலில் ஏசி போட்டபோது தூரம் 17 சதவீதம் குறைந்தது. சித்திரையில் நமக்கு 40 டிகிரி. காற்றைக் குளிரவைக்க ஆகும் செலவைவிட உடம்பைக் குளிரவைக்க ஆகும் செலவு குறைவு என்பது அங்கேயும் பொருந்தும். துளையிட்ட இருக்கைக்குள் ஓடும் சின்ன மின்விசிறி முதுகு வியர்வையைக் காயவைத்துவிட்டால், ஏசியை 26இல் வைத்துவிடலாம். சாப் நிறுவனம் 1971இல் சூடாகும் இருக்கையைக் கொடுத்தது, 1997இல் காற்றோட்ட இருக்கையையும் கொடுத்தது. இரண்டாவது இன்று இங்கே மேல்ரக மின்கார்களில் சாதாரணமாகக் கிடைக்கிறது. முதலாவதும் அதே இருக்கையில் அடங்கும்.

கொடைக்கானலில் குளிரை அதிகம் வாங்கிக்கொள்பவர்கள் நம்மைப் போல வருஷத்துக்கு ஒருமுறை போகிறவர்கள் கிடையாது, சுற்றுலா வண்டி ஓட்டுநர்கள். விடுதிகளில் ஓட்டுநர்கள் தங்க இடம் ஒதுக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023இல் கட்டட விதியையே திருத்தியது. இருந்தாலும் வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துப் படுப்பவர்களை இன்றும் பார்க்கலாம். போன டிசம்பரில் ஏரிக்கரைப் பக்கம் மப்ளரைக் காதோடு கட்டிக்கொண்டு நின்ற ஒரு தேனிக்கார ஓட்டுநர், என் வண்டியில் விரித்திருந்த அந்தச் சூடு விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். “ரூமெல்லாம் பார்ட்டிக்குத்தாண்ணே. நமக்கு வண்டிதான். எஞ்சினைப் போட்டுக்கிட்டுத் தூங்கவும் பயம்” என்றார். பயம் நியாயம்தான்: மூடிய இடத்தில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். மின்காரில் புகையே இல்லை, அந்தப் பயமும் இல்லை.

“இது ராத்திரி பூரா போட்டா எவ்வளவு எறங்கும்ணே?”

கைபேசியில் போட்டுக் காட்டினேன். ஹீட்டர் மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு எட்டு யூனிட், சின்னப் பேட்டரியில் கால்வாசிக்கும் மேல். விரிப்பு மட்டும் என்றால் அரை யூனிட்கூட ஆகாது, அதுவும் குறைந்த சூட்டில், மேலே கம்பளியோடு. அவர் அந்த அரை யூனிட்டை ரூபாயில் கேட்டார். வீட்டு இணைப்பில் நான்கைந்து ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்றேன். முதலாளி அடுத்ததாக மின்கார்தான் எடுக்கப்போவதாகப் பேச்சு என்று சொல்லிவிட்டு, விரிப்பு எங்கே கிடைக்கும் என்று விலாசம் குறித்துக்கொண்டார்.